கல்லாவில் இருந்த கழிப்பறைச் சாவி

திண்டிவனத்தில் நான் வேலை செய்யும் ஜவுளிக்கடையில் பெண்கள் கழிப்பறைச் சாவி முதலாளியின் கல்லாவில் இருக்கும். வாடிக்கையாளர்கள் முன்னால் அதைக் கேட்கக் கூச்சப்பட்டு, அங்கே வேலை செய்யும் பெண்கள் நாங்கள் ஐந்து பேரும் பகல் முழுக்கத் தண்ணீரே குடிப்பதில்லை.

எனக்கு மூன்றாவது முறையாக நீர்க்கடுப்பு.

“தண்ணி நிறைய குடிக்கணும்மா” என்றார் டாக்டர். சாவியையும் சீட்டில் எழுதிக் கொடுத்திருக்கலாம்.

இன்று காலை அந்தச் சாவியைக் கல்லாவிலிருந்து எடுத்து, சேலைப் பிரிவுச் சுவரில் ஆணியடித்து மாட்டினேன்.

“யாரைக் கேட்டும்மா எடுத்த?” என்று முதலாளி கத்தினார்.

சேலை மடித்துக்கொண்டிருந்த கலா அக்கா நிமிரவே இல்லை. “கேக்கறதுக்குக் கூச்சப்பட்டுக்கினு இருந்துதாங்க இவளுக்கு நோவு வந்துது. இனிமே அது இங்கதான் தொங்கும்.”

மதியத்துக்குள் தண்ணீர் கேன் காலி. சாவி இன்னும் ஆணியில்தான்.

உங்கள் கடையில் எங்கே தொங்குகிறது?