நரிக்குக் காவலிருந்த வாரம்

அண்ணையின் முழங்கால் அறுவைச் சிகிச்சைக்கு ஆஸ்பத்திரியில் கொடுத்த திகதி, அவருடைய செம்மறிகள் குட்டி போடும் வாரத்தில் வந்து விழுந்தது. கடையை விற்றுவிட்டு, லண்டனின் வடகிழக்கு ஓரத்தில், வீடுகள் முடிந்து வயல் தொடங்குகிற இடத்தில் கொஞ்சப் புல்வெளியைக் குத்தகைக்கு எடுத்து அவர் ஆடு வளர்க்கப்போன நேரம் நாங்கள் எல்லோரும் சிரித்தோம். இப்போது அந்த ஆடுகளைப் பார்க்க அவர் மனைவியைத் தவிர ஆளில்லை. "மச்சாள், தனிய நிக்கப் பயமாக் கிடக்கு, வாறீரே?" என்று அண்ணையின் மனைவி கேட்டதும் நான் லீவு போட்டுவிட்டு, லண்டனுக்குள் வால்தம்ஸ்டோவில் இருக்கும் என் வீட்டிலிருந்து போய்ச் சேர்ந்தேன். நாங்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் மச்சாள் என்றுதான் கூப்பிடுவது.

போன மறுநாள் காலை வேலியோரம் ஒரு குட்டி தலையில்லாமல் கிடந்தது. தாய் ஆடு அதைச் சுற்றிச் சுற்றி வந்து கத்தியது. எங்கள் தெருவில் குப்பைத்தொட்டியைக் கிளறும் நரிகளை நான் எத்தனையோ தரம் கடந்து போயிருக்கிறேன், ஒரு நாளும் பயந்ததில்லை. அந்தக் கழுத்தைப் பார்த்தபின் வேலிப் பக்கம் போகவே பயந்தேன்.

பக்கத்துப் பண்ணைக்காரர் வந்து பார்த்தார். வெள்ளைக்காரர், எழுபதை எட்டியவர், லைசென்ஸ் உள்ள துப்பாக்கி வைத்திருப்பவர். "ஒருமுறை ருசி கண்டுவிட்டால் திரும்பத் திரும்ப வரும். இன்றைக்கு இரவு நான் வந்து இருக்கிறேன். உங்களில் ஒருவர் என்னோடு இருந்து பார்க்க வேண்டும். மற்றவர் ஆட்டுக் கொட்டிலை விட்டு வெளியே வரவே கூடாது" என்றார்.

மச்சாளுக்குப் பிரசவம் பார்க்கத் தெரியும், எனக்குத் தெரியாது. ஆகவே அவர் கொட்டிலில் நின்றார், நான் பண்ணைக்காரரின் பிக்கப் வண்டியில் ஏறினேன்.

விளக்கை எல்லாம் அணைத்துவிட்டு வயலின் மேட்டில் வண்டியை நிறுத்தினார். என் கையில் ஒரு சின்னக் கமராவைத் தந்தார். சூடான எதுவும் அதில் வெள்ளையாகத் தெரியும். செம்மறிகள் வெள்ளைப் பொதிகளாகத் தெரிந்தன, முயல்கள் வெள்ளைப் பொட்டுகளாக. கண்ணை எடுத்தால் ஒன்றுமே இல்லை, இருட்டும் தூரத்து மோட்டார்வேயின் இரைச்சலும்தான். ஜன்னலில் மணல் மூட்டையை வைத்து அதன்மேல் துப்பாக்கியைச் சாத்தினார். அதன் குழல் என் முகத்துக்கு எவ்வளவு கிட்ட இருக்கிறது என்பதைத் தவிர வேறெதையும் என்னால் நினைக்க முடியவில்லை.

பிறகு அவர் ஒரு ஊதியை வாயில் வைத்து ஊதினார். நரியை அழைப்பதற்காக, அடிபட்ட முயல் கத்துவது போன்ற சத்தம். பச்சைக் குழந்தையின் கழுத்தை யாரோ நெரிப்பதுபோல இருந்தது.

வெகுநேரம் ஒன்றும் வரவில்லை. பிறகு கீழே, காலையில் குட்டி கிடந்த அதே வேலியோரத்தில், ஒரு வெள்ளை உருவம் தெரிந்தது. புல்லுக்கு மேலே தலையளவுதான். அதற்குப் பக்கத்தில் இன்னும் சின்னதாக ஒன்று துடித்தது.

"அங்கே," என்றேன். "அதன் பக்கத்தில் குட்டி மாதிரி ஏதோ கிடக்கிறது."

அவர் குனிந்து துப்பாக்கியின் கண்ணாடிக்குள் பார்த்தார். துப்பாக்கியின் சேஃப்டிப் பூட்டைத் தள்ளும் சின்னச் சத்தம் கேட்டது. நான் காதைப் பொத்திக்கொண்டேன். வெடி வரவில்லை. அவர் மூச்சு மட்டும் கேட்டது.

"கால் தெரியவில்லை," என்றார். "கால் தெரியாத எதையும் நான் சுடுவதில்லை." கொஞ்சம் பொறுத்து, குரல் மாறி, "கொட்டிலுக்குப் போன் பண்ணுங்கள். அவர் உள்ளே இருக்கிறாரா என்று கேளுங்கள்" என்றார்.

இரண்டு தரம் பிழையாக அழுத்தினேன். மணி போகத் தொடங்கியது. கீழே, அந்த வேலியோரத்து இருட்டில், நீலமாக ஒரு சின்ன வெளிச்சம் பற்றியது.

பண்ணைக்காரர் துப்பாக்கியிலிருந்து தோட்டாவை எடுத்தார். அது அவர் கையிலிருந்து நழுவிக் காலடியில் விழுந்தது. அவர் அதைத் தேடவில்லை. இரண்டு கைகளையும் தொடைக்கு நடுவே வைத்து இறுக்கிக்கொண்டு இருந்தார்.

"மச்சாள், எங்க நிக்கிறியள்?"

"ஏன் இப்ப போன் எடுக்கிறீர்? கை ரெண்டும் ஒரே சளி. அந்தக் கறுப்பு மூஞ்சி ஆடு வெளிய ஓடிப் போய்ப் பள்ளத்துக்கை குட்டி போட்டுட்டுது. குட்டி வேலிக்கை சிக்கிக் கிடக்கு. ஒருக்கா லைட்டைக் கொண்டு ஓடி வாரும்."

வண்டி விளக்கைப் போட்டுக்கொண்டு இறங்கினோம். பள்ளத்துக்குள் குப்புறப் படுத்து, கம்பிக்கு அடியால் ஒரு கையை விட்டுக் குட்டியின் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார் மச்சாள். தலையும் தோளும் மட்டும்தான் பள்ளத்தின் விளிம்புக்கு மேலே தெரிந்தன. பண்ணைக்காரர் கம்பியை வெட்டிக் குட்டியை எடுத்துத் தன் கோட்டுக்குள் வைத்தார். அதன் பிறகுதான், தான் எதைக் குறிவைத்துக்கொண்டிருந்தார் என்பதை அவரே மச்சாளிடம் சொன்னார். மன்னிப்பும் கேட்டார். மச்சாள் சிரித்தார். கொட்டிலுக்குள் வந்து தேத்தண்ணீர்க் கோப்பையை எடுத்தபோதுதான் முழுவதையும் மடியில் ஊற்றிக்கொண்டார்.

அந்த வாரமே பண்ணைக்காரர் வளர்ந்த தன் மகனோடு திரும்ப வந்தார். இந்த முறை எங்கள் இரண்டு பேரையும் கொட்டிலுக்குள் விட்டு, தானே வெளியே தாழ்ப்பாள் போட்டார். வைக்கோலில் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு இருந்தோம். அந்த முயல் சத்தம் கேட்டது. நின்றது. பிறகு வெடி.

எப்போது விழுந்தோம் என்று தெரியாது. இரண்டு பேரும் முகம் நிலத்தில் பட, கையால் தலையை மூடிக்கொண்டு கிடந்தோம். யாழ்ப்பாணத்தில் குண்டு விழுந்த காலத்தில், சின்ன வயதில் உடம்பு பழகியது, எங்களைக் கேட்காமலே செய்துவிட்டது. செம்மறிகள் அசைபோட்டபடி எங்களைப் பார்த்தன.

"எழும்பும் மச்சாள்," என்றார் அவர், தானும் எழும்பாமல். "ஒண்டுமில்லை. நரிக்குத்தான்."

பெரிய ஆண் நரி என்று கதவைத் திறந்த மகன் சொன்னான். நான் போய்ப் பார்க்கவில்லை.

அண்ணை ஊன்றுகோலோடு வீட்டுக்கு வந்ததும் மச்சாள் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னார். கேட்டு முடித்ததும் அண்ணை, "துவக்கு வெடியும் காவலும் இனி வேண்டாம்" என்றார். மின்சார வேலி போட்டார்கள். குட்டி போடும் காலத்தில் இருட்டுவதற்கு முன்னமே எல்லா ஆடுகளும் கொட்டிலுக்குள் வந்துவிடும். ஒவ்வொரு வருடமும் நானும் உதவிக்குப் போகிறேன். வெளிச்சம் மங்கத் தொடங்கினால் பஸ் பிடித்து வீட்டுக்கு வந்துவிடுவேன்.