வடாலா மண்ணும் இட்லி மாவும்

மும்பை வடாலாவில் பழைய டீசல் கிடங்கு ஒன்றைச் சுத்தம் செய்யும் வேலைக்கு என்னை சைட் இன்ஜினியராகப் போட்டார்கள். டாங்கிகளை எப்போதோ வெட்டி எடுத்துப் போய்விட்டார்கள். பல வருஷமாகக் கசிந்த எண்ணெய் மட்டும் மண்ணுக்குள்ளேயே இருந்தது. தோண்டினால் மண் கறுப்பாக, பிசுபிசுவென்று வரும். அதைத் தடித்த பிளாஸ்டிக் விரிப்பின்மேல் நீள மேடுகளாகக் குவித்து, எருவைக் கலந்து, தண்ணீர் தெளித்து, அவ்வப்போது ஜேசிபியால் புரட்டிப் போட வேண்டும். கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் பெருகி அந்த எண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடும். புரட்டினால்தான் அவற்றுக்குக் காற்று கிடைக்கும்.

தாராவியில் எங்கள் வீட்டில் இதை நான் விளக்கி முடித்ததும் அம்மா கேட்டது ஒரே கேள்விதான்.

"இன்ஜினியருக்குப் படிச்சிட்டு சாணியா கொழைக்கே?"

எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. பூட்ஸும் மாஸ்க்கும் மாட்டிக்கொண்டு மேடுகளைச் சுற்றி வருவேன். மண்ணுக்குள் செருகிய தெர்மாமீட்டரில் சூடு ஏறியிருந்தால், உள்ளே விருந்து மும்முரமாக நடக்கிறது என்று அர்த்தம். அன்று முழுக்க எனக்கும் உற்சாகம்.

மேற்குச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு சால், ஒற்றை அறை வீடுகள் வரிசையாக ஒட்டி நிற்கும் குடியிருப்பு. ஒரு காலையில் அங்கிருந்து இரண்டு பெண்கள் எங்கள் கேட்டுக்கு வந்தார்கள். ஐம்பது வயதுக்காரி ஒருத்திதான் பேசினாள். வீட்டில் இட்லி அவித்து ஸ்டேஷன் வாசலில் விற்கிறாளாம். நாங்கள் மண்ணைப் புரட்டும் நாட்களில் வாடை வீட்டுக்குள் வந்து மாவில் இறங்கிவிடுகிறதாம். இதையெல்லாம் ஹிந்தியில் சொன்னாள். நானும் ஹிந்தியிலேயே பதில் சொன்னேன். சுவரோரம் காற்றை மீட்டர் வைத்து தினமும் பார்க்கிறோம், உடம்புக்குக் கெடுதல் வரும் அளவு இல்லை என்றேன். அவள் பக்கத்திலிருந்தவளிடம் திரும்பி, தமிழில் மெதுவாகச் சொன்னாள்.

"மீட்டரக் காட்டி நம்மள ஏய்க்கப் பாக்கா இவ."

"ஏய்க்கலக்கா," என்றேன்.

அவள் முகம் போன போக்கைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளும் சிரித்தாள். எந்த ஊர் என்று கேட்டாள். அப்பாவுக்குத் திருநெல்வேலிப் பக்கம், நான் பிறந்து வளர்ந்தது தாராவி என்றேன். ஆனால் சிரித்ததோடு அவள் விட்டுவிடவில்லை.

"அது கெடுதலோ இல்லையோ, எனக்குத் தெரியாது. இட்லியில கெரசின் வாடை அடிக்குன்னு ஆளுக தட்டை அப்படியே வச்சிட்டுப் போறாவ. அதுக்கு உன் மீட்டர் என்ன சொல்லுது?"

அவளோடு போய் அவள் வீட்டைப் பார்த்தேன். ஒற்றை ஜன்னல், அதுவும் எங்கள் பக்கம். அதன் கீழேதான் கிரைண்டர். அங்கே நின்றபோது எனக்கே மூக்கைச் சுளிக்கத் தோன்றியது.

காலையில் காற்று எங்களிடமிருந்து அவர்கள் வீட்டை நோக்கி அடித்தது. மத்தியானத்துக்குமேல் கடல்காற்று கிளம்பினால் எதிர்ப்பக்கமாகத் திரும்பிவிடும். அதனால் புரட்டும் வேலையை மத்தியானத்துக்கு மாற்றினேன். ஜேசிபி ஓட்டும் பிஹார்க்காரருக்கு இது பிடிக்கவில்லை. அந்த வெயிலில் கேபினுக்குள் உட்கார்ந்தால் தானே வெந்துபோவேன் என்று முறையிட்டார். அவருக்கு ஒரு ஃபேன் வாங்கி மாட்டிக் கொடுத்த பிறகுதான் சமாதானமானார். அக்கா தினமும் கேட்டுக்கு வந்து நிலவரம் சொல்லிவிட்டுப் போவாள். வாடை குறைந்திருந்தால் நின்று கதை பேசுவாள். குறையாத நாளில் பேச்சு சுருக்கமாக இருக்கும்.

மழைக்காலம் தொடங்கும் முன்பு எல்லா மேடுகளையும் தார்ப்பாயால் இறுக்கி மூட வேண்டும். நனைந்தால் எண்ணெய் மழைத்தண்ணீரோடு சேர்ந்து சாக்கடைக்குப் போய்விடும். நாங்கள் கட்டிக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம், மழைக்கு முன்னால் வரும் அந்தப் பேய்க்காற்று வந்துவிட்டது. பெரிய தார்ப்பாய் ஒன்று கயிற்றை அறுத்துக்கொண்டு, மேடுகளுக்கும் சுவருக்கும் மேலே பறந்து, சால் கூரையில் போய் விழுந்தது. யார் தலையிலாவது விழுந்திருந்தால் என்ற பயத்தில் ஓடினேன். நல்லவேளை, ஒருவருக்கும் அடியில்லை. எனக்கு முன்பே அக்கா வெளியே நின்று, பக்கத்து வீட்டு ஆண்களைக் கூரைமேல் ஏற்றிவிட்டிருந்தாள்.

"நின்னுட்டே பாக்கியே, அந்த முனையப் பிடி," என்றாள் என்னிடம்.

சாலில் பாதிப்பேர் அந்தத் தார்ப்பாயைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு எங்கள் கேட்டுக்குள் நுழைந்தார்கள். அதற்குள் தூறல் விழத் தொடங்கிவிட்டது. ஜேசிபிக்காரர் கயிறு வீச, அக்கா அதைப் பிடித்து மணல்மூட்டையில் கட்டினாள். நான் போட்ட முடிச்சை அவிழ்த்து அவளே மறுபடி போட்டாள். மழை கொட்டியபோது எல்லோரும் இரும்புக் கன்டெய்னரில் இருந்த எங்கள் ஆபீஸுக்குள் நெருக்கியடித்து நின்று நனைந்த தலையைத் துடைத்துக்கொண்டிருந்தோம். மேடு எதுவும் நனையவில்லை.

மழைக்காலம் முடிந்து மறுபடி சில வாரம் புரட்டினோம். கடைசியில் எல்லா மேட்டு மண்ணும் லேபில் தேறியது. ரிசல்ட் வந்ததும் முதலில் பாஸுக்கு போன் செய்தேன், அடுத்து அக்காவுக்கு. தேறிய மண்ணைக் குழிகளில் போட்டு மூடி முடித்த அன்று அவள் விற்கப் போகாமல் ஒரு பெரிய பாத்திரம் இட்லியோடு வந்தாள். சமன் செய்த அந்த இடத்தில் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்தோம். ஜேசிபிக்காரர் சோற்றையும் ரொட்டியையும் தவிர வேறெதையும் சாப்பாடென்று ஒத்துக்கொள்ளாதவர். அவர் தட்டில் நாலு இட்லி வைத்துவிட்டு அக்கா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் நாலையும் சாப்பிட்டு முடித்து, இன்னும் கொஞ்சம் சட்னி கேட்டார்.