சப்பாத்து லேஸை அவிழ்த்த பிள்ளை

ஒரு பிள்ளை தன் சப்பாத்து லேஸைத் தானே கட்டினால் பக்கத்து வீட்டுக்காரருக்கு மனம் கோணும் என்று ஒஸ்லோவில் யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். கணவரின் வேலைக்காக அங்கிருந்து ஒரு வருடம் கொழும்பில் இருக்க வந்த எங்களுக்கு வெள்ளவத்தையில் மூன்றாம் மாடி பிளாட் ஒன்று கிடைத்தது. எதிர்க் கதவு ராணி அக்காவுடையது. நானும் அலுவலகம் போவதால், பள்ளிக்கூடம் விட்டு வரும் என் ஏழு வயது மகள் மாயா பின்னேரம் வரை அவரிடம்தான் இருப்பாள். அவர் முகம் திருப்பினால் எங்கள் வீட்டு வண்டி ஓடாது.

ஒரு நாள் காலை ஸ்கூல் வான் கீழே நின்று ஹோர்ன் அடித்துக்கொண்டே இருந்தது. மாயாவோ படியில் உட்கார்ந்து, நாக்கை ஓரமாக நீட்டியபடி, ஆறுதலாக முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள். ராணி அக்கா பொறுக்க மாட்டாமல் குனிந்து ஒரே இழுப்பில் கட்டிவிட்டார். மாயா "தாங்ஸ் ஆன்ரி" என்று சொல்லிவிட்டு அதை அவிழ்த்து, முதலிலிருந்து கட்டத் தொடங்கினாள்.

"ஏன் பிள்ளை, நான் கட்டினது வடிவில்லையோ?"

"வடிவுதான் ஆன்ரி. ஆனா நான்தானே கட்டோணும்."

ராணி அக்கா என் பக்கம் திரும்பினார். "அங்க தாய்மார் பிள்ளையளுக்கு ஒண்டும் செய்யிறேல்லையோ?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனார். அன்றிலிருந்து பேச்சு அளவோடுதான். மாயாவுக்குச் சோறு கிடைத்தது. ஊட்டிவிடும் கை நின்றுவிட்டது. பிள்ளையைத் திமிர் பிடித்தவள் என்று நினைத்துவிட்டாரே என்று எனக்கு ஒரே கவலை.

அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. ஒஸ்லோவில் பார்னஹாகே என்னும் பாலர் பள்ளியில் மாயாவைக் கூட்டிவரப் போகும்போதெல்லாம் ஜாக்கெட்டை நான்தான் மாட்டிவிடுவேன். ஒரு நாள் ஆசிரியை சிரித்தபடி, "அவளுக்கு நேரம் கொடுங்கள்" என்றார். நான் அவசரப்படுத்துகிறேனாக்கும் என்று நினைத்து, மறுநாள் முந்திப் போய், ஆறுதலாக நானே மாட்டிவிட்டேன். சும்மா நிற்கச் சொல்கிறார் என்பது பிறகுதான் விளங்கியது. பிள்ளை ஒரு கையை நுழைக்கப் படும் பாட்டைப் பார்த்துக்கொண்டு நிற்பது இருக்கிறதே, பிரசவ வலி பரவாயில்லை. நம்மிடம் அன்பென்றால் செய்துகொடுப்பது, அங்கே செய்யவிடுவது. இரண்டு பாடத்துக்கும் பரீட்சை எழுதுவது பிள்ளைதான்.

மாயாவின் பள்ளிக்கூடத்தில் இரட்டைப் பின்னல் கட்டாயம். நான் பின்னினால் வான் பெருந்தெருவான காலி வீதிக்கு ஏறுமுன் அவிழ்ந்துவிடும். போன வாரம் இதற்காக டீச்சர் ஏசிவிட்டார். மறுநாள் காலை மாயா என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் சீப்பையும் ரிபனையும் எடுத்துக்கொண்டு போய் எதிர்க் கதவைத் தட்டினாள்.

"ஆன்ரி, இது எனக்கு ஏலாது. அம்மாவுக்கும் ஏலாது. நீங்க பின்னி விடுறீங்களா?"

ராணி அக்கா வாய்விட்டுச் சிரித்தார். "வா பிள்ளை, இதில இரு."

எனக்கு உயிர் வந்தது. கூடவே சின்னப் பொறாமையும் வந்தது.

இப்போது தினமும் படியில் இதுதான் காட்சி. பின்னாலிருந்து ராணி அக்கா தலையை இறுக்கிப் பின்னுகிறார். மாயா தலையை அசைக்காமல், முழங்காலை உயர்த்தி, தன் லேஸைத் தானே கட்டுகிறாள். புத்தகப் பையோடு நிற்கும் நான் பழக்க தோஷத்தில் குனிந்தால், "அம்மா, சும்மா நில்லுங்கோ" என்கிறாள்.

"ஓம், நீர் சும்மா நில்லும்" என்கிறார் ராணி அக்கா.