நீலத் தண்ணீரை ஏமாற்றிய காலை

என் வீட்டுக்காரருக்கு இனிப்பு நீர் வியாதி என்று டிரசரய்யா சொன்னபோது நான் சிரித்துவிட்டேன். கல்யாணமாகி நாலு வருடத்தில் அந்த மனிதர் வாயிலிருந்து எனக்கென்று ஓர் இனிப்பான சொல் வந்ததில்லை. எல்லாம் வேறு வழியில் போய்க்கொண்டிருந்திருக்கிறது பார் என்று நினைத்தேன். தோட்டத்து மருந்துக் கொட்டகையில் ஊசி போடுவதும் காயத்துக்குக் கட்டுவதும் டிரசரய்யா பொறுப்பு. அப்படிப்பட்டவர் என்னை முறைத்த முறைப்பில் சிரிப்பு தொண்டையிலேயே நின்றது.

இது ஜப்பான்காரன் வருவதற்கு ஐந்தாறு வருடம் முன்பு. மலாயாவில், லாயாங் லாயாங் ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் நாங்கள் இருவரும் பால் வெட்டிக்கொண்டிருந்தோம். அவருக்கு இருபத்தைந்து வயதுகூட ஆகவில்லை. குடம் குடமாகத் தண்ணீர் குடித்தார், குடித்ததை விட அதிகமாக வெளியே விட்டார். பானை பானையாகச் சோறு தின்றும், சட்டை கொம்பில் மாட்டியது போலத் தொங்கியது. எங்கள் லயத்து வரிசை வீடுகளில் முன்பு ஒரு பெண் இப்படித்தான் இளைத்து இளைத்து மூன்றே மாதத்தில் போனாள். அப்போது இந்த வியாதிக்கான ஊசி எங்கள் பக்கம் வந்திருக்கவில்லை. அவளுக்கு வராதது இவருக்கு வந்தது. அதை நினைத்தால் இன்றும் கை தானாகக் கும்பிடுகிறது.

ஜொகூர் பாருவில் பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு மாதம் வைத்திருந்து, மருந்தோடு திருப்பி அனுப்பினார்கள். அதன்பின் மருந்து ரயிலில் வரும். டிரசரய்யா அதை மண்பானைக்குள் வைத்து ஈரச் சாக்கைச் சுற்றி, பெற்ற பிள்ளையைப் போலக் காப்பார். அது மாட்டின் வயிற்றிலிருந்து எடுத்த சாறு என்று கேள்விப்பட்டதும் என் வீட்டுக்காரர் முகம் போன போக்கைப் பார்க்கவேண்டும்.

"அய்யா, நாங்க மாடு திங்கிறதில்லீங்க."

"ஒன்ன யாரு திங்கச் சொன்னா? வாயிலயா குத்துறேன்? திரும்பி நில்லு."

அந்த மாட்டுக்கும் ஒரு கும்பிடு.

வியாதி என்னவென்று எனக்குப் புரியும்படி சொன்னவரும் அவர்தான். விடியுமுன் பெரட்டுக் களத்தில் வரிசையாக நின்று பேர் கொடுத்துவிட்டுத்தான் நாங்கள் வேலைக்குப் போவோம். அதையே எடுத்துக்கொண்டார்.

"பெரட்டுல ஆளெல்லாம் வந்து நிக்குது. கங்காணி வந்து, நீ இந்த மர நெரைக்குப் போ, நீ அந்த நெரைக்குப் போன்னு அனுப்புனாத்தான வேலை நடக்கும்? சோறு தின்னா சீனி அப்படித்தான் ரத்தத்துல வந்து நிக்குது. அத அனுப்புற கங்காணி வயித்துக்குள்ள இருக்கான். ஒன் புருசனுக்கு அந்தக் கங்காணி செத்துட்டான். சீனி நின்னு நின்னு பாத்துட்டு மூத்திரத்துல எறங்கிப் போயிடுது. இந்த ஊசி, வெளியில இருந்து கூட்டியாந்த கங்காணி."

"கங்காணி நல்லவனா அய்யா, இல்ல நம்ம கங்காணி மாதிரியா?"

"சிரிக்காத. ஊசி கூடிப் போச்சுன்னா களத்துல ஒரு ஆள விடாம வெரட்டிடுவான். அப்ப மூளைக்குச் சீனி இருக்காது. வேர்க்கும், நடுங்கும், ஏறுக்குமாறா பேசுவான். ஒடனே சீனி குடு. தாமசம் பண்ணுனா ஆள் போயிடுவான்."

தினமும் பெரட்டுக்கு முன் என் வீட்டுக்காரர் மூத்திரத்தை ஒரு சின்னப் போத்தலில் கொண்டு போவார். டிரசரய்யா நீலத் தண்ணீரில் சில சொட்டு விட்டு, ஸ்பிரிட் விளக்கில் காய்ச்சுவார். நீலமாகவே நின்றால் சீனி இல்லை. பச்சை என்றால் கொஞ்சம். மஞ்சளானால் அதிகம். செங்கல் நிறமானால் வசவு. அதைப் பார்த்துத்தான் ஊசியில் மருந்து ஏறும், இறங்கும்.

எங்கள் மகளுக்குப் பேர் வைத்த நாளில்தான் வம்பு பிறந்தது. பிறந்து நாற்பது நாள் ஆகியிருந்தது. பக்கத்து வீட்டில் கேசரி கிளறிக் கொடுத்தார்கள். என் வீட்டுக்காரர் ஒரு துண்டு என்று ஆரம்பித்தார். நான்காவதுவரை எண்ணினேன், அதற்குமேல் எண்ணப் பிடிக்கவில்லை. முந்தின வாரம்தான் டிரசரய்யா சொல்லியிருந்தார்: இன்னொரு தடவை செங்கல் நிறம் வந்தால் ரயிலேற்றி மறுபடி ஒரு மாதம் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவேன் என்று. மறுநாள் காலை என் வீட்டுக்காரர் காலிப் போத்தலைக் கையில் பிடித்துக்கொண்டு, தூக்குமேடைக்குப் போகிறவர் போல நின்றார். மகள் முகத்தை அவர் சரியாகப் பார்த்தே நாற்பது நாள்தான்.

"இங்க குடுங்க அத," என்றேன்.

"என்னாத்துக்கு?"

"எனக்கு ஒரு வியாதியும் இல்ல. நல்ல தண்ணியா நான் ரொப்பித் தாரேன். நீலமா நிக்கும் பாருங்க, மானம் மாதிரி."

முதலில் சீ என்றார். பிறகு, நான் ரொப்பிக் கொடுத்ததை வாங்கிக்கொண்டார். என் புத்தியை நானே மெச்சிக்கொண்டு அவர் பின்னாலேயே போனேன். டிரசரய்யா சொட்டு விட்டார், காய்ச்சினார். நீலம் பச்சையானது. பச்சை மஞ்சளானது. மஞ்சளும் நிற்காமல் சிவக்க ஆரம்பித்தது.

வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

டிரசரய்யா திட்டவில்லை. பச்சைப் பிள்ளைக்காரன் என்று இரங்கினாரோ என்னவோ, "மருந்து பத்தல போல, கூட்டிப் பாப்போம்," என்று ஊசியில் அதிகம் ஏற்றிப் போட்டுவிட்டார். உண்மையைச் சொல்ல இருவருக்கும் வாய் வரவில்லை. வெளியே வந்ததும் வீட்டுக்காரர் என் கையைப் பிடித்தார்.

"ஏ புள்ள, ஒனக்கும் இருக்கு."

"வாயக் கழுவுங்க."

"ஒன் தண்ணியே இந்தக் கலருன்னா, அம்புட்டுக் கேசரி தின்ன என் தண்ணி எப்படி இருக்கும்?"

அந்தக் கணக்கைப் போட்டுவிட்டு, ஊசி போட்டதும் குடிக்கவேண்டிய கஞ்சியை, அதுவும் சீனியாகிவிடும் என்று பயந்து, வாய்க்காலில் கொட்டினார். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். தடுக்கவில்லை. எனக்கும் அந்த வியாதி என்றால் இந்தப் பிள்ளையை யார் வளர்ப்பது என்ற பயத்தில் என் மூளை வேலை செய்யவில்லை. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகையில் மகளை விட்டுவிட்டு என் மர நிரைக்குப் போனேன்.

வெயில் மரத்துக்குள் இறங்கும் நேரம். பக்கத்து நிரையில் அவர் யாரையோ அதட்டுவது கேட்டது. எட்டிப் பார்த்தால், மரத்தோடு சண்டை.

"தள்ளி நில்லுடா! எத்தன தடவ சொல்றது?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அதற்குள் கங்காணி வந்துவிட்டார்.

"என்னடா, காலையிலயே கள்ளா?"

"நீ யாருடா என்ன கேக்க? போடா!"

சிரிப்பு நின்றது. நாலு வருடத்தில் கங்காணி முன்னால் நிமிர்ந்து பார்த்திராத மனிதர் அவர். ஆற்றில் முங்கியது போலச் சட்டை நனைந்திருந்தது. கத்தி பட்டையை விட்டு மரத்துக்குள் இறங்கியிருந்தது. கை வெடவெடவென்று ஆடியது.

"கள்ளு இல்ல கங்காணி, ஊசி! கெட்டியா புடிங்க அவர!"

என்னிடம் காலைக் காப்பி ஒரு போத்தல் இருந்தது. எனக்குப் பால் ஊறவேண்டும் என்று மூன்று கரண்டி சீனி போட்டிருந்தேன். அதைக் கொண்டுபோய் அவர் வாயில் வைத்தால் பல்லைக் கடித்துக்கொள்கிறார்.

"வேணாம்! சீனி! டிரசரய்யா திட்டுவாரு!"

புத்தி இருந்தபோது கேசரியை விழுங்கியவர், புத்தி தடுமாறிய நேரத்தில் பத்தியம் பார்க்கிறார். கங்காணி தலையைத் தாங்கினார். "டிரசரய்யாதாங்க குடுத்து வுட்டாரு," என்று பொய் சொன்னேன். அதற்குத்தான் வாய் திறந்தது. மடக்கு மடக்காகப் போத்தல் முழுவதையும் குடித்தார். அந்தச் சின்ன நேரத்தில் நான் கும்பிடாத சாமி இல்லை. கொஞ்சம் கொஞ்சமாகக் கை ஆட்டம் நின்றது. கண் என் முகத்தில் வந்து நின்றது.

"ஏன் புள்ள அழுவுற?" என்றார்.

கங்காணி அவரைத் தோளில் சாய்த்து மருந்துக் கொட்டகைக்குக் கொண்டுவந்தார். அதுவரை கங்காணியைப் பற்றி நான் பேசிய பேச்சுக்கெல்லாம் அன்றே மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

"கஞ்சி குடிச்சானா?" என்றார் டிரசரய்யா.

"இல்லீங்க அய்யா," என்றேன். "காலையில கொண்டாந்த தண்ணியும் அவருது இல்லீங்க. என்னுது. எனக்கும் இந்த வியாதி இருக்குங்களா?"

அவருக்குக் கோபம் ஏறியது. காதெல்லாம் சிவந்துவிட்டது. பிறகு கேட்டார்.

"புள்ளைக்குப் பால் குடுக்கிறியா?"

"ஆமாங்க."

"பால்ல ஒரு சீனி இருக்கு. புள்ளைக்கு ஊறுறது கொஞ்சம் ஒன் மூத்திரத்துலயும் வரும். அது வியாதி இல்ல. ஆனா இந்த நீலத் தண்ணிக்கு அந்தச் சீனி, இந்தச் சீனின்னு பிரிக்கத் தெரியாது. எனக்கும் தெரியல. நாளைக்கும் ஒன் தண்ணியவே கொண்டாந்திருந்தா இன்னும் ஏத்தியிருப்பேன். அப்புறம் ஒரு போத்தல் காப்பி பத்தாது, தெரியுமா?"

என் வீட்டுக்காரர் சுவரோடு சாய்ந்துகொண்டு, "இவ பாலுல சீனி இருக்கும், பேச்சுலதான் இருக்காது," என்றார். டிரசரய்யாவுக்குக் கோபத்தின் நடுவே சிரிப்பு வந்துவிட்டது. எங்களை அன்று காப்பாற்றியதில் அந்தச் சிரிப்புக்கும் பங்கு உண்டு.

அவர் ரயிலேற்றவில்லை. எங்கள் குற்றத்தைப் பெரிய டாக்டருக்குச் சொல்லவும் இல்லை. பழைய அளவுக்கே மருந்தை இறக்கினார். மறுநாளிலிருந்து போத்தலை வீட்டுக்குக் கொடுக்காமல், கொட்டகைப் பின்புறம் என் வீட்டுக்காரரை நிற்கவைத்துக் கையோடு வாங்கிக்கொண்டார். ஊசி போட்டதும் கஞ்சியைத் தன் கண்ணெதிரே குடிக்கவைத்துத்தான் பெரட்டுக்கு அனுப்புவார்.

மரத்தோடு சண்டை போட்ட அன்று சாயங்காலம் என் வீட்டுக்காரர் அளந்து வைத்த சோற்றைத் தின்றுவிட்டு, மகளை மடியில் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"காப்பியில எம்புட்டுச் சீனிதான் போடுற நீ? கொறைச்சுக்க. ஒடம்புக்கு ஆவாது."

"ஒங்களுக்கு உசுரு வந்ததே அதுலதான். நாளையிலேருந்து இன்னும் ஒரு கரண்டி சேத்துப் போடப் போறேன்."

போட்டேன். அவர் நிரைக்குப் போன காலம் முழுக்க, நானும் ஒரு போத்தல் இனிப்புக் காப்பியோடு பக்கத்து நிரையில் இருந்தேன். பெரும்பாலான நாள் அது தேவைப்படாமல் வீட்டுக்கே திரும்பி வந்தது. திரும்பி வந்த ஒவ்வொரு போத்தலுக்கும் என் நன்றி.