ரீப்ளேஸ் கேட்டது, எஸ் கொடுத்தேன்

காலேஜில் இந்தக் கேள்விக்கு எனக்கு முழு மார்க். கண்ணுக்குத் தெரிகிற ஃபார்ம் ஒரு ஃபைலில் இருக்க வேண்டும், பதிவாகிற டேட்டா இன்னொரு ஃபைலில் இருக்க வேண்டும். அப்போதுதான் ஃபார்மை எத்தனை தடவை மாற்றினாலும் டேட்டாவுக்கு ஒன்றும் ஆகாது. பரீட்சையில் அம்புக்குறியெல்லாம் போட்டுப் படம் வரைந்தவன் நான். ஒரகடத்தில் கார் கதவுக்கு ரப்பர் ஒட்டுகிற கம்பெனியில் டிரெய்னியாகச் சேர்ந்த மூன்றாவது மாதம், இரண்டையும் ஒரே ஃபைலில் போட்டுக் கட்டினேன். சீக்கிரம் முடியும் என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை.

அது முதலுதவி அறைக்காகச் செய்தது. யார் வந்தார்கள், எந்த லைன், என்ன தொந்தரவு, என்ன மாத்திரை. அதுவரை அங்கிருந்த சிஸ்டர் ஒரு நீள நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். "இன்னும் நோட்டா சிஸ்டர்? தூக்கி பீரோல வைங்க" என்று வாயடித்தவன் நான்தான். அவரும் வைத்துவிட்டார்.

அந்தக் கம்ப்யூட்டருக்கு நெட்வொர்க் கிடையாது. ஃபைலின் ஒரு காப்பியை என் லேப்டாப்புக்கு எடுத்துப்போய் ஆறு வாரம் அழகு பார்த்தேன். நீலப் பட்டன், தேடும் வசதி, ஒவ்வொரு பதிவும் எப்போது டைப் ஆனது என்று தானாகவே நேரம் விழும் வசதி. அந்த ஆறு வாரமும் சிஸ்டர் பழைய ஃபைலில் ஆட்களைப் பதிந்துகொண்டேதான் இருந்தார். அது எனக்குத் தோன்றவே இல்லை. புது ஃபைலைக் கொண்டுவந்து அதே இடத்தில் பேஸ்ட் செய்தேன். ரீப்ளேஸ் செய்யவா என்று கேட்டது. எஸ்.

நான்கு நாள் கழித்து சேஃப்டி சார் என்னைக் கூப்பிட்டார். முதலுதவி அறையில் சிஸ்டரும், ரப்பர் ஒட்டும் லைனில் வேலை செய்யும் அக்கா ஒருவரும் நின்றிருந்தார்கள். அக்கா பக்கத்துச் சேரப்பணஞ்சேரிக்காரர், காண்ட்ராக்ட் ஆள். ரப்பர் ஒட்டும் பசையான சொல்யூஷன் வாடையில் அவருக்குத் தலை சுற்றும். ஒரே தொந்தரவுக்கு மூன்று தடவை வந்ததாகப் பதிவு இருந்தால், வியாழக்கிழமை வரும் டாக்டர் இடம் மாற்றச் சொல்லி எழுதிக் கொடுப்பார். அதற்காகத்தான் அக்கா வந்திருந்தார்.

"ஒரு என்ட்ரிகூட இல்லியேம்மா" என்றார் சார்.

"இன்னா சார், ஏழு வாட்டி வந்துகீறேன். சிஸ்டரையே கேளுங்க."

"ஆமா சார், நான்தான் டைப் பண்ணேன்" என்றார் சிஸ்டர்.

சார் என்னைப் பார்த்தார். நான் திரையைப் பார்த்தேன். நான் காப்பி எடுத்த நாளுக்கும் புது ஃபைலைப் போட்ட நாளுக்கும் நடுவில் ஒரு பதிவும் இல்லை; அந்த ஆறு வாரம் சிஸ்டர் பதிந்ததெல்லாம் ரீப்ளேஸில் போயிருந்தது. ஆனாலும் வாய் சொன்னது: "சிஸ்டம் கரெக்டாதான் சார் இருக்கு."

"லைன் மாத்திக்க எல்லாரும் போடற டிராமாதான்" என்றுவிட்டு அவர் போனார்.

கதவு சாத்தியதும் உண்மையைச் சொன்னேன். சிஸ்டர் திட்டவில்லை, நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அக்காதான் கேட்டார்.

"அப்போ நான் பொய் சொல்லலன்னு உனக்குத் தெரியும்?"

"தெரியும்க்கா."

"அந்த ஆளு இங்க நிக்கசொல்ல வாய்ல இன்னா வச்சிருந்த?"

அழிந்ததை மீட்கிற சாஃப்ட்வேர் எல்லாம் ஓட்டிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. மறுநாள் காலை மூன்று பேரும் உட்கார்ந்தோம். அக்காவுக்குத் தேதி நினைவில்லை, கேன்டீன் சாப்பாடு நினைவிருந்தது. "மொத வாட்டி பூரி போட்ட அன்னிக்கு. துன்னது மொத்தமும் வாந்தி." "இன்னொரு வாட்டி அந்தத் தண்ணி சாம்பார் அன்னிக்கு." "அது தினமும்தானேக்கா" என்றேன். சிரித்துவிட்டார். கேன்டீனில் தேதி போட்ட மெனு சீட்டுகளை வாங்கி ஒப்பிட்டு, ஏழில் ஐந்தைப் பிடித்தோம்.

டைப் செய்தேன். ஐந்திலும் அன்றைய தேதி, காலை பதினொரு மணி என்று விழுந்தது. நான் பெருமையாகச் சேர்த்த வசதி. டேட்டா டேபிளை நேராகத் திறந்து தேதியை மாற்ற எனக்கு ஒரு நிமிஷம் போதும். கை கீபோர்டுக்குப் போனது.

"வேணாம் தம்பி. அப்புறம் நெஜமாவே பொய்யாயிடும்" என்றார் சிஸ்டர்.

தப்பு என்னுடையது என்று லெட்டர் எழுதி, பிரிண்டோடு சாரிடம் நீட்டினேன். இரண்டையும் படித்தார். "அஞ்சும் இன்னிக்கு ஏத்தினது. இத டாக்டர்கிட்ட நான் எப்படிப்பா காட்றது? புதுசா மூணு வாட்டி வரட்டும், பாக்கலாம்."

அக்காவிடம் போய்ச் சொன்னேன். "இன்னும் மூணு வாட்டி சுத்தி வுழணுமா?" என்று மட்டும் கேட்டார். திங்கட்கிழமை அவர் வரவில்லை. வேலை வேண்டாமென்று கேட் பாஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டாராம்.

அந்த வாரமே ஃபைலை இரண்டாகப் பிரித்தேன். ஒரு மதியம்தான் ஆனது. அக்காவின் இடத்துக்கு ஒரு புதுப் பெண் வந்தாள். அவளுக்கும் தலை சுற்றியது. மூன்று பதிவு, மூன்றும் பத்திரமாக இருந்தன, நடுவில் நான் ஃபார்மை மாற்றியும்கூட. டாக்டர் அவளைப் பேக்கிங்குக்கு மாற்றினார்.

அக்காவுக்குப் போன் போட்டு இதைச் சொன்னேன். நல்ல செய்தி என்று நினைத்துத்தான் சொன்னேன்.

"இப்போ இன்னாத்துக்கு தம்பி அத எங்கிட்ட சொல்ற?"

"இல்லக்கா, ஃபைலைச் சரி பண்ணிட்டேன்னு..." என்று இழுத்தேன்.

"தண்ணி லாரி வந்துட்சு" என்று அக்கா போனை வைத்துவிட்டார்.