ஒற்றைக் கால் இரும்புச் செருப்பு

நான் ஒரு மடையன். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. படித்துக்கொண்டே வந்து நீங்களாகக் கண்டுபிடித்தால் எனக்கு இன்னும் அவமானம். சிங்கப்பூரிலிருந்து விடுப்பில் ஊருக்கு வருகிறவன் பெட்டியில் என்ன இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். நைலான் சேலை, வாசனை சோப்பு, டார்ச் லைட்டு. என் பெட்டியில் ஓர் இரும்புச் செருப்பு இருந்தது. ஒன்றே ஒன்று, வலது காலுக்கு. நாகப்பட்டினத்தில் கப்பலை விட்டு இறங்கியதும் சுங்க அதிகாரி அதை இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்துவிட்டு, “இன்னொண்ணு எங்கய்யா?” என்றார். “ஒத்தைக் காலுக்குத்தான் சார்” என்றேன். அவர் குனிந்து என் இரண்டு கால்களையும் பார்த்தார். பிறகு பெட்டியை மூடினார். நைலான் சேலைக்காரர்களை மத்தியானம் வரை நிறுத்தி வைத்தார்கள். என்னை இரக்கப்பட்டு விட்டுவிட்டார்கள்.

அந்தச் செருப்புதான் சிங்கப்பூரில் எனக்குச் சோறு போடுகிறது. பட்டாளத்து ஆஸ்பத்திரி ஒன்றின் ஜிம்னாசியத்தில் நான் ஆர்டர்லி. கால்பந்தும் ரக்பியும் ஆடி முழங்கால் ஜவ்வு அறுந்து, அதைத் தைத்து, இரண்டு மாதம் மாவுக்கட்டில் கிடந்த வெள்ளைக்காரச் சிப்பாய்கள் கட்டுப் பிரித்ததும் அங்கே வருவார்கள். ஒரு தொடை பனந்தடி போல இருக்கும், மற்றது முருங்கைக்காய். உயரமான மேஜையில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து, பாதத்தில் இரும்புச் செருப்பைக் கட்டிக்கொண்டு, பயிற்சி கொடுக்கும் சார்ஜெண்ட் எண்ண எண்ண முழங்காலை நீட்டி இறக்க வேண்டும். ஆறடி மனிதன், சண்டை பார்த்தவன், பத்தாவது தடவையில் உதடு கோணி அழுதுவிடுவான். சார்ஜெண்டுக்கு அதெல்லாம் காதில் விழாது. செருப்பைக் கட்டுவது, அவிழ்ப்பது, துடைத்து அலமாரியில் அடுக்குவது என் உத்தியோகம். நம் ஊரில் காலொடிந்தவனைக் கட்டிலில் போட்டு ஆளாளுக்கு ஊட்டிவிடுவோம். இங்கே கட்டுப் பிரித்த அன்றே ‘தூக்கு’ என்கிறார்கள். வந்த புதிதில் இது கொடுமை என்று நினைத்தேன். ஒரு மாதம் பார்த்த பிறகு எனக்கு இசக்கியின் ஞாபகம்தான் வந்தது.

இசக்கி குத்துக்கல்வலசைக்காரன். என் வயசுதான். தென்காசியில் எங்கள் கால்பந்துக் குழுவில் அவன் முன்னால் ஓடுகிறவன். நான் கோல் கீப்பர், அதாவது ஓட்டத்துக்கு லாயக்கில்லாதவன். அவன் ஓட்டத்தைப் பார்த்துவிட்டுப் போலீஸ் சர்க்கிள் இன்ஸ்பெக்டர் ஒருவரே, “இரண்டு வருஷத்தில் போலீசுக்கு ஆள் எடுப்போம், செலக்‌ஷனுக்கு வா” என்று சொல்லியிருந்தார். ஒருநாள் செங்கோட்டைக்காரர்களோடு ஆட்டம். பந்து எங்கள் கோலுக்கு வந்துகொண்டிருந்தது. அதைத் தடுக்க இசக்கி பின்னால் ஓடி வந்துவிட்டான். நான் பேசாமல் நின்றிருக்கலாம். கையால் பிடித்துமிருக்கலாம். ஆனால் வேலியோரம் கூட்டம் இருந்ததே! சர்க்கஸ்காரன் மாதிரி அந்தரத்தில் ஒரு பாய்ச்சல் பாய்ந்து அவன் வலது முழங்கால் மேல் விழுந்தேன். கூட்டம் சிரித்தது. நான் எழுந்து கும்பிடு வேறு போட்டேன். அவன் எழுந்திருக்கவில்லை.

உளுந்துமாவுக் கட்டு, எண்ணெய்க் கட்டு எல்லாம் போட்டும் முழங்கால் நடுவழியில் நழுவிக்கொண்டே இருந்தது. கடைசியில் மதராஸில் ஓர் ஆஸ்பத்திரியில் அறுவை செய்து அனுப்பினார்கள். ‘நட’ என்று சொன்னார்களாம். எப்படி நடப்பது, எதைத் தூக்குவது என்று சொல்ல ஆளில்லை. அதற்குள் நான் கப்பலேறியிருந்தேன். அவனுக்கு நான்தான் ஆள் என்று முடிவு செய்துகொண்டேன். வாரம் ஒரு ஏர்மெயில் கடிதம், படம் போட்டு. தொடையை இறுக்கு. காலை நேராகத் தூக்கு. இரும்புச் செருப்புக்குப் பதில் சிற்றாற்று மணலைப் பையில் கட்டித் தூக்கு. அவன் ஓடைப் பாலத்துக் கட்டைச்சுவரில் உட்கார்ந்து, படிக்கல்லைப் பாதத்தில் கட்டித் தூக்கினான். பிறகு திருமலைக்கோயில் படியேறினான். ‘நேத்து நழுவலைலே’ என்று எழுதினான். அந்தக் கடிதத்தை ஜிம்னாசியத்தில் காட்டினேன். தமிழ் தெரியாத சிப்பாய்கள்கூடக் கை தட்டினார்கள்.

சார்ஜெண்ட் எல்லாரிடமும் அதட்டிச் சொல்வதில் முக்கியமானது ஒன்று: குந்தக் கூடாது, தைத்த ஜவ்வு தளர்ந்துவிடும். அதையும் இரண்டு கோடு போட்டு எழுதினேன். அங்கே அது கஷ்டமில்லை. சாப்பாடு மேஜையில், கக்கூஸ் பீங்கானில். பிறந்ததிலிருந்து முழங்காலை முழுசாக மடக்காமலே ஒருவன் செத்துப்போகலாம். ஊரில் விடிந்ததும் முதல் வேலைக்கே குந்த வேண்டும். இசக்கி தென்னந்தோப்பில் செங்கல் அடுக்கி மேலே பலகை போட்டுக்கொண்டான். பந்தியில் நின்றுகொண்டே சாப்பிட்டான். தங்கச்சி கல்யாணத்தில் பொரி போட மணவறையில் உட்காரச் சொன்னபோதும் நின்றே போட்டான்; மாப்பிள்ளை வீட்டார் முகத்தைச் சுளித்தார்கள். நாற்காலி இசக்கி என்று பெயர் விழுந்தது. அதையெல்லாம் எழுதிவிட்டு, கடைசியில் ஒரு வரி கேட்டிருந்தான்: ‘எப்பம்லே உக்காரலாம்?’

எனக்குத் தெரியாது. சார்ஜெண்டைக் கேட்டிருக்கலாம். கேட்டால், இத்தனை மாதம் இங்கே இருந்தும் இது தெரியாதா என்பார். ஊரில் என்னை அரை டாக்டர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அந்தப் பட்டத்தையும் விட மனசில்லை. அதனால் எனக்குக் கைவந்ததைச் செய்தேன். ‘ஒன் கல்யாணத்தன்னைக்கு மணவறையில உக்காரு மாப்ளே, அதுவரைக்கும் நில்லு’ என்று எழுதி, பக்கத்தில் குடுமியும் மாலையுமாக ஒரு மாப்பிள்ளைப் படமும் போட்டேன். படம் நன்றாக வந்திருந்தது.

அப்புறம்தான் விடுப்பு, கப்பல், செருப்பு. தோல் வார் பிய்ந்துபோனதால் சார்ஜெண்ட் கழித்துப்போட்ட ஜோடியில் வலது கால். இசக்கியின் செலக்‌ஷனுக்கு முன்னால் கொண்டுபோய்ச் சேர்த்துவிட வேண்டும் என்று துடித்தேன். அவன் வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, “கனமாத்தான் இருக்கு” என்று சொல்லிக் கதவோரம் வைத்தான்.

மறுநாள் குற்றாலம் போனோம். சாரல் நல்ல சாரல். ஐந்தருவியில் சனம் வரிசையாகப் பாறையில் குந்தி எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தது. இசக்கி விறுவிறுவென்று படியேறினான்; ஒரு நழுவல் இல்லை. என் சிஷ்யனைப் பார்த்து எனக்கே பெருமை தாங்கவில்லை.

“உக்காருலே, முதுகு தேச்சு விடுதேன்” என்றேன்.

“நீதானலே உக்காரக் கூடாதுன்ன.”

“ஏலே, அது அப்பம்! ஒரு வருஷமாச்சேலே. செலக்‌ஷன் என்னைக்கு?”

“முடிஞ்சிட்டு. போன மாசம்.” அவன் அருவியைப் பார்த்துக்கொண்டே சொன்னான். “ஓட்டத்துல மொதல்ல வந்தேன். தாண்டுறதுலயும்தான். பொறவு டாக்டரு குந்தி எந்திரின்னாரு. முழங்காலு பாதியில நின்னுட்டு. அமுக்கினேன், பொத்துன்னு பின்னால விழுந்தேன்.”

“சொல்ல வேண்டியதுதானலே, ஆபரேசன் செஞ்ச காலுன்னு?”

“சொன்னேன். சிங்கப்பூர்ல இப்படித்தான் இருக்கச் சொல்லிருக்காவன்னு ஒன் காயிதத்த எடுத்து நீட்டினேன். அவரு சத்தமா வாசிச்சாரு. மணவறை, மாப்ளே எல்லாத்தையும். அங்கன நின்னவன் பூரா சிரிச்சான். படத்தையும் காமிச்சாரு.”

“அடுத்த வருசம்…” என்று ஆரம்பித்தேன்.

“வயசு ஆவணியோட முடியுது” என்றான். பிறகு எல்லாரும் குந்தியிருந்த வரிசையில் அவன் மட்டும் நின்றுகொண்டே தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டான்.   

சிங்கப்பூர் திரும்பியதும் சார்ஜெண்டிடம் கேட்டேன். எப்போது குந்தலாம் என்று நான் கேட்டதை, எனக்கு இப்போது குந்த வேண்டும் என்று புரிந்துகொண்டு, வெளியே கக்கூஸைக் காட்டினார். இசக்கியின் போலீஸ் செலக்‌ஷனைச் சொல்லி மறுபடி விளக்கினேன். அவர் என்னை அலமாரிக்கு இழுத்துப் போய், நான் அடுக்கி வைத்திருந்த செருப்புகளைத் தள்ளினார். பின்னால் சுவரில் பயிற்சி அட்டை. அதன் கடைசி வரி: பதினான்காம் வாரம், முழுக் குந்தல், தினம் இருபது தடவை. அதைச் செய்வது வெளி மைதானத்தில்; நான் போனதில்லை. தினமும் துடைத்து, வரிசை கெடாமல் அடுக்கி, நானே அந்த வரியை மறைத்து வைத்திருந்தேன். “போலீஸ்காரன் எதற்குக் குந்த வேண்டும்?” என்று சார்ஜெண்ட் கேட்டார். அவருக்கு எங்கள் ஊரை எங்கிருந்து தொடங்கிச் சொல்வது? “சும்மாதான் சார்” என்றேன்.

கழித்துப்போட்ட ஜோடியில் இடது கால் இன்னும் அந்த அலமாரியில்தான் இருக்கிறது. யாருக்கும் கட்டுவதில்லை. துடைக்க மட்டும் துடைக்கிறேன். அப்போதெல்லாம் மற்றது இருக்கும் இசக்கி வீட்டு வாசல் கண்ணில் வந்து நிற்கிறது.

விடுப்பு முடிந்து ஊரிலிருந்து நான் புறப்பட்ட அன்று சொல்லிக்கொள்ளக் குத்துக்கல்வலசைக்குப் போயிருந்தேன். காற்று ஊரையே தூக்கிக்கொண்டு போவது போல் அடித்தது. இசக்கி நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். அவன் அம்மா எனக்குக் காப்பி கொண்டுவந்து, கீழே உட்காரப் போனவனைத் தடுத்து முக்காலியை இழுத்துப் போட்டாள். அந்த வீட்டில் தரையில் உட்காரும் வழக்கமே போய்விட்டிருந்தது. மடக்குவதற்கும் ஏதாவது பயிற்சி இருக்கும், கேட்டு எழுதுகிறேன் என்றேன்.  எனக்கு இருப்புக் கொள்ளாமல் வாசலைப் பார்த்தேன்; கதவடியில் அந்த இரும்புச் செருப்பு கிடந்தது.

“ஏலே, அதையாவது எடுத்துட்டுப் போயிருதேன். ஒன் கண்ணு முன்னால கெடக்க வேண்டாம்.”

“கெடக்கட்டும்லே, சாரக்காத்துக்குக் கதவு நிக்க மாட்டேங்கு.”