வலப்பக்கம் நின்ற புட்டி

ஆய்வுக்கூடத்தில் அவளுக்குப் பெயர் சமையல்காரம்மா. பாலூட்டிகளின் செல்கள் குடுவைக்குள் உயிரோடு வளர ஊட்டநீர் கலந்து கொடுப்பது அவள் வேலை.

ஒரு வருடமாக அவள் செய்துவந்தது பால் மறக்கடிக்கிற வேலைதான். கன்றின் இரத்தத்திலிருந்து எடுக்கிற சீரம் இல்லாமல் பிழைக்காத செல்களுக்குச் சீரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தாள். அதில் தானாகக் கிடைத்த சத்துகளைத் தனித்தனியே அளந்து சேர்த்தாள். இப்போது சீரமே இல்லாத நீரில் இரண்டு குடுவைகள் வளர்ந்துகொண்டிருந்தன. வாரக் கடைசியில் உறையவைத்துச் சேமிக்க வேண்டும். அதற்குள் இவை செத்தால் வருடம் முழுக்கப் பட்ட பாடு போச்சு.

சேர்க்க வேண்டிய புட்டிகள் இடப்பக்கம் இருக்கும். சேர்த்ததும் வலப்பக்கம் போகும். தன் ஞாபகத்தைக்கூட நம்ப மாட்டாள், இந்த வழக்கத்தை நம்புவாள்.

அன்று காலை, பாதிக் கலவையில் கணவன் போன் செய்து குடை எங்கே என்று கேட்டான். வெளியே போய்ப் பேசிவிட்டு வந்தாள். செலினியம் என்கிற தாதுச்சத்தின் புட்டி வலப்பக்கம் இருந்தது; சேர்த்தாயிற்று என்று எடுத்துக்கொண்டாள். மீதியைச் சேர்த்து, வடிகட்டி, இரண்டு குடுவைக்கும் ஊற்றினாள்.

சாயங்காலம் துப்புரவுக்காரர் வாளியோடு போகும்போது சொன்னார்: "காலைல நீங்க போன்ல இருந்தப்ப மேசையைத் துடைச்சுட்டேம்மா."

"புட்டியெல்லாம் எந்தப் பக்கம் வச்சீங்க, அண்ணே?"

"இடம் இருந்த பக்கந்தான்."

செலினியம் இல்லாவிட்டால் செல்கள் மெலிந்து சாகும். அவள் கண்டுபிடித்து வைத்திருந்த அளவோ விளிம்பில் நிற்கிற அளவு. இன்னொரு பங்கு விழுந்தால் அதுவே விஷம். போட்டாளா, போடவில்லையா? அடுப்பில் இருப்பதற்கு உப்புப் போட்டோமா என்று சந்தேகம் வந்தால் நாக்கைக் கேட்கலாம். இதை யாரைக் கேட்பது?

தலைமை ஆய்வாளரிடம் போய்ச் சொன்னாள். அந்த அம்மா கோபப்படவில்லை. அதுவே இன்னும் பயமாக இருந்தது. யோசித்து, ஒரு குடுவையில் மட்டும் செலினியம் சேர்க்கலாம், மற்றதைத் தொட வேண்டாம் என்று முடிவு செய்தார்கள். எது பிழைத்தாலும் ஒன்று செத்தே தீரும்.

வீட்டில் சாப்பிடும்போது கணவன் கேட்டான்: "இதுல உப்பே காணோமே, குடுவைக்குப் போட்டுட்டியா?" அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. குடை கிடைத்ததா என்றுகூடக் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் நுண்ணோக்கியில் குனிந்து பார்த்தாள். தொடாத குடுவையில் வெறும் சிதைவுகள் மிதந்தன. சேர்த்த குடுவையில் செல்கள் உருண்டு திரண்டு, கண்ணாடி மணிபோல மினுங்கின. அப்படியானால் அன்று அவள் போடவில்லை. தப்பித்தோம், உடனே உறையவை என்றார் தலைமை ஆய்வாளர். அவளுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

குடுவையைக் கையில் எடுத்துக்கொண்டு திரும்பினாள். பக்கத்து மேசையைத் துடைத்துக்கொண்டிருந்த துப்புரவுக்காரர், இடப்பக்கத்துப் புட்டிகளை அள்ளி வலப்பக்கம் வைத்தார். சிலதைத் திரும்ப இடப்பக்கம் நகர்த்தினார்.

"என் மேசையிலயும் தினமும் இப்படித்தானா, அண்ணே?"

"சேர்ந்த நாள்லேர்ந்து, நீங்க எழுந்து போற நேரம் பாத்து, ஒரு நாள் விட்டதில்லம்மா," என்றார் பெருமையாக.

அவள் குடுவையைப் பார்த்தாள். ஒரு வருடமாகத் தான் போட்டதாக நினைத்தது எது, உண்மையில் போட்டது எது? செல்கள் உயிரோடுதான் இருந்தன. எதைக் குடித்து உயிரோடு இருக்கின்றன என்று, சமைத்தவளுக்கே தெரியவில்லை.